இல்லை என்பதற்கும் ஒரு ரசீது வேண்டும்

தமிழ்நாடு அரசின் கூட்டுறவு, உணவு மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,



ரேஷன் கடையில் பொருள் வாங்கியவரின் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வருகிறது. வாங்க முடியாமல் திரும்பியவருக்கு எதுவும் வருவதில்லை. அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நிறையை முதலில் சொல்லிவிடுகிறேன். பொது விநியோகம் எல்லோருக்கும் உரியது என்ற கொள்கையை விடாமல் காத்துவரும் மாநிலம் இது. 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 2017-இல் ஸ்மார்ட் கார்டு வந்தது, 2020-இல் கைரேகைச் சரிபார்ப்பு வந்தது. கடைக்கே வராதவர் பெயரில் பில் போட்டு மூட்டையைக் கைமாற்றுவது இப்போது முன்போல் எளிதில்லை. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் தொடங்கி, 70 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள் வீடு தேடிப் போனது. கணினியை நல்லபடி பயன்படுத்தத் தெரிந்த துறை உங்களுடையது. அந்த நம்பிக்கையில்தான் கேட்கிறேன்.

தூத்துக்குடிப் பக்கம் உப்பளத் தொழிலாளர்கள் வாழும் ஒரு தெரு. விடியுமுன் அளத்துக்குப் போய் உப்பு வாரிய பெண், வெயில் ஏறியபின் அட்டையோடு கடையில் நிற்கிறார். உப்புநீரில் ஊறி வெடித்த விரல் நுனியைக் கருவியில் வைக்கிறார். பதியவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். அடுத்த விரல், அடுத்த கை. “ரேகை விழமாட்டேங்குதும்மா, ஆதார் சென்டர்ல போய் அப்டேட் பண்ணிட்டு வாங்க” என்கிறார் விற்பனையாளர். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். அந்தப் பெண் பையை மடித்துக்கொண்டு கிளம்புகிறார். ஆதார் மையத்துக்குப் போனால் ஒருநாள் கூலி போச்சு.

அன்றைய விற்பனை உங்கள் கணினித் திரையில் கிலோ கணக்கில் தெரியும். ரேகை ஒத்துப்போகவில்லை என்பதும் எங்கோ ஒரு சர்வரில் பதிவாகியிருக்கலாம். ஒரு வீட்டுக்கு அரிசி போகவில்லை என்பது மட்டும் எதிலும் இருக்காது. மாதக் கடைசியில் அது பொருள் வாங்காத அட்டைகளில் ஒன்றாகிவிடும். அவர் வரவில்லையா, வந்தும் கிடைக்கவில்லையா என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜார்கண்ட் சாட்சி. 2017 செப்டம்பரில் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். ஆதாருடன் இணைக்காததால் அவள் குடும்பத்தின் ரேஷன் அட்டை நீக்கப்பட்டிருந்தது. பசியால் இறந்தாள் என்றது குடும்பம். மலேரியா என்றது அரசு. அடுத்த மாதமே மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்கு எழுதியது: ஆதார் இல்லை என்பதற்காக யார் பெயரையும் நீக்காதீர்கள், கைரேகை பதியாவிட்டாலும் அட்டைகளைப் பார்த்துப் பொருளைக் கொடுங்கள் என்று. ஆக, விதி இருக்கிறது. கடை வாசலில் அது மீறப்பட்டால் காட்டுவதற்குத்தான் ஒரு துண்டுத்தாள்கூட இல்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். தகவலை மறுத்தால் காரணத்தையும், யாரிடம் மேல்முறையீடு செய்வது என்பதையும் எழுத்தில் தந்தாக வேண்டும். தகவலுக்கு இருக்கும் இந்த மரியாதை அரிசிக்கு இருக்க வேண்டாமா? 2016 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ள தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, உரிய தானியம் வழங்கப்படாவிட்டால் உரிமை உள்ளவருக்கு உணவுப் பாதுகாப்புப் படி தரச் சொல்கிறது. வழங்கவில்லை என்பதற்கே ஆதாரம் இல்லாதபோது அந்தப் படியை யார், எப்படிக் கேட்பது?

நான் கேட்பது இதுதான். விற்பனைக் கருவியில் ‘வழங்கப்படவில்லை’ என்று ஒரு பொத்தான் வையுங்கள். கைரேகை பதியவில்லை, சர்வர் இல்லை, சரக்கு வரவில்லை, பெயர் நீக்கம் என்று காரணத்தைத் தேர்ந்தால், அதுவும், முறையிட வேண்டிய அலுவலரின் எண்ணும் குறுஞ்செய்தியாகப் போகட்டும். செல்போன் இல்லாதவருக்கும், நெட்வொர்க் இல்லாத ஊருக்கும் கார்பன் தாள் வைத்த ஒரு ரசீதுப் புத்தகம் போதும். கடைவாரியாக இந்தக் கணக்கை மாதந்தோறும் வெளியிடுங்கள்.

சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு அரிசியை மறுக்கும் புது வழக்கம் வந்துவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான், கைரேகை பதியாத காரணத்துக்காக வரும் ஒவ்வொரு சீட்டும் கடையின் தவறாக அல்லாமல் மேலதிகாரியின் பொறுப்பாகக் கணக்கிடப்பட வேண்டும். குறிப்பிட்ட நாட்களுக்குள் பொருள் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். இதில் விற்பனையாளருக்கும் நிம்மதி உண்டு. சர்வர் படுத்தால் இன்று வசவு வாங்குவது அவர்தான்.

ஐ.நா. 2015-இல் ஏற்ற நிலையான வளர்ச்சி இலக்குகள் 17. ஒருவரையும் விட்டுவிடக் கூடாது என்பது அவற்றின் அடிப்படை வாக்குறுதி. பசியை ஒழிப்பது அவற்றில் இரண்டாவது இலக்கு. வளரும் நாடுகள் பலவும் அதற்காகக் கருவிகளையும் செயலிகளையும் வாங்கிக் குவிக்கின்றன. எத்தனை சேவை ஆன்லைனில் ஏறியது என்று எண்ணி மகிழ்கின்றன. விடுபட்டவர்களை எண்ணாத அரசுக்கு அந்த வாக்குறுதியைக் காப்பாற்றினோமா என்றே தெரியாது. புதிய கருவி எதுவும் வாங்காமல், இருக்கும் கருவியிலேயே இந்தக் கணக்கெடுப்பைச் செய்துவிடலாம். உப்பளமும் பீடித்தொழிலும் தேயிலைத் தோட்டமும் உள்ள மாவட்டங்களில் முதலில் தொடங்கி, ஒரு வருடக் கணக்கைச் சட்டமன்றத்தில் வையுங்கள். அந்த எண் பெரிதாக இருந்தாலும் அஞ்ச வேண்டாம். சரிசெய்ய வேண்டிய இடம் எது என்று அப்போதுதான் உங்களுக்கே தெரியவரும்.

இப்படிக்கு,
ஒரு குடும்ப அட்டைதாரர்