டப்பாவுக்குள் எண்ணப்படும் நைட்ரஜன்

ஜிம் முடிந்ததும் குடிக்கும் ஷேக்குக்கு எந்தப் பவுடர் நல்லது என்று நம்மிடம் வருபவர்கள் கேட்கும்போது, வே கான்சன்ட்ரேட்டா, ஐசோலேட்டா, பட்டாணிப் புரதமா என்ற ஒப்பீட்டில்தான் நாமும் இறங்குகிறோம். எது வேகமாகச் செரிக்கும், எதில் லூசின் அதிகம் என்று விளக்குகிறோம். டப்பாவில் அச்சிட்ட புரதம் உள்ளே இருக்கிறதா என்ற கேள்வி இந்தப் பேச்சில் விடுபட்டுப் போகிறது. இந்தியச் சந்தையைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். மற்றவை அதற்குப் பின்பு வந்தால் போதும்.

கேரளத்தின் கல்லீரல் மருத்துவர் சிரியாக் ஆபி பிலிப்ஸும் சகாக்களும் இந்தியாவில் விற்கும் 36 புரதப் பவுடர்களை ஆய்வகத்தில் சோதித்து, முடிவுகளை 2024இல் ‘மெடிசின்’ ஆய்விதழில் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 70 விழுக்காடு தயாரிப்புகளில் லேபிளில் சொன்ன புரத அளவு சரியாக இல்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிகூட இல்லை. சுமார் 14 விழுக்காட்டில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நச்சும், 8 விழுக்காட்டில் பூச்சிக்கொல்லி எச்சமும் கிடைத்தன. 36 என்பது சிறிய மாதிரி, முழுச் சந்தைக்கும் இதை நீட்டக் கூடாது என்பார்கள். நியாயம்தான். ஆனால் பவுடரைப் பரிந்துரைப்பவருக்கு இது எச்சரிக்கையாக இருக்கப் போதுமானது. ‘ஹெர்பல்’ என்று மூலிகைகள் கலந்து வரும் பவுடர்களைப் பற்றி அந்த ஆய்வு இன்னும் கடுமையாகவே பேசுகிறது: தரம் குறைவு, கல்லீரலைப் பாதிக்கக்கூடிய தாவரப் பொருள்களும் உண்டு. அவற்றை நம் பட்டியலிலிருந்து இன்றே எடுத்துவிடலாம்.

புரத அளவு குறைவாக இருந்தும் நிறுவனத்தின் ஆய்வறிக்கை சுத்தமாக வருவது எப்படி? 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் வகுத்த முறையில்தான் இன்றும் பெரும்பாலும் புரதம் அளக்கப்படுகிறது. அந்த முறை புரதத்தை நேரடியாக எண்ணுவதில்லை. மாதிரியைக் கந்தக அமிலத்தில் சிதைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அளந்து, 6.25 ஆல் பெருக்குகிறது. நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. விலை மலிவான கிளைசினை ஒரு கிராம் கலந்தால் கணக்கில் 1.17 கிராம் புரதமாக ஏறும். ஒரு கிராம் கிரியாட்டின் ஏறக்குறைய 2 கிராம் புரதமாகவே காட்டும். சீனாவில் 2008இல் பால் பவுடரில் மெலமைன் கலந்தது இதே ஓட்டையைப் பயன்படுத்தித்தான்; ஆறு குழந்தைகள் இறந்தார்கள். கிளைசினும் கிரியாட்டினும் அந்த அளவுக்கு நச்சல்ல. ஆனாலும் பணம் கொடுத்து வாங்குபவருக்குத் தசை கட்டும் புரதம் கிடைப்பதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. கிரியாட்டின் கலந்த பவுடரைக் குடிப்பவரின் இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் என்ற சிறுநீரகக் குறியீடு சற்றுக் கூடி வரலாம். சிறுநீரகம் கெட்டுவிட்டதோ என்று வீடே பதறும்போது, டப்பாவை ஒருவரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

லேபிளை வைத்தே இதில் கொஞ்சம் கண்டுபிடிக்கலாம். வே கான்சன்ட்ரேட்டில் சிறந்த தரமே பொதுவாக 80 விழுக்காடுதான். கான்சன்ட்ரேட் என்று போட்டுவிட்டு 30 கிராம் ஸ்கூப்பில் 27 கிராம் புரதம் என்றால் அது 90 விழுக்காடு. சுவையூட்டியும் கோகோவும் சேர்த்த பிறகு அந்தக் கணக்கு எப்படித் தேறும்? அடுத்தது அமினோ அமில அட்டவணை. வே புரதத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு லூசின். 24 கிராம் புரதம் சொல்லும் ஸ்கூப்பில் லூசின் இரண்டரை கிராம் அளவில் இருக்க வேண்டும். ஒன்றரை கிராம் என்று போட்டிருந்தால் மீதி எதனால் நிரம்பியது என்று கேட்கலாம். அட்டவணையே இல்லையென்றால், அல்லது ‘தனிக் கலவை’ என்ற பெயரில் அளவுகளை மறைத்திருந்தால், அதையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அச்சிட்ட அட்டவணையும் பொய்யாக இருக்கலாம். அதனால் குறிப்பிட்ட பேட்சின் ஆய்வறிக்கையை, தேசிய அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திலிருந்து, தனித்து நிற்கும் அமினோ அமிலங்களை விலக்கிக் கணக்கிட்டதாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இத்தனையும் செய்தால் வகையைப் பற்றிய விவாதத்துக்கு இடமே இல்லையா என்று கேட்கலாம். இடம் உண்டு, சிறியது. மார்ட்டன் என்பவரின் ஆய்வுக் குழு 2018இல் 49 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஒரு நாளின் மொத்தப் புரதம் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 1.6 கிராமைத் தாண்டியபின் தசை வளர்ச்சியில் கூடுதல் பலன் பெரும்பாலும் தெரியவில்லை என்றது. பயிற்சி முடிந்த உடனே குடித்தாக வேண்டும் என்ற நம்பிக்கையும் பெரிதாக நிற்கவில்லை. ஷோன்ஃபெல்டும் சகாக்களும் 2013இல் செய்த தொகுப்பாய்வில், மொத்த அளவைச் சமன்செய்ததும் நேரத்தின் விளைவு மறைந்துவிட்டது. அதே 1.6 கிராம் அளவில் சோயா சேர்த்த, தாவர உணவு மட்டும் உண்பவர்களும் வே சேர்த்த அசைவர்களும் ஒரே மாதிரி தசை கட்டினார்கள் என்று 2021இல் இன்னொரு ஆய்வு காட்டியது. ஆகவே வகை முக்கியமாவது லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவருக்கு. அவருக்கு ஐசோலேட் வயிற்று உப்பசத்தைத் தவிர்க்கும். பால் பொருளே வேண்டாதவருக்கு சோயாவோ பட்டாணியோ போதும்.

எதிர்க்குரலில் வலுவானது இன்னொன்று: பவுடரே எதற்கு? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 வழிகாட்டுதலில் தசை கட்டுவதற்காகப் புரதப் பவுடர் எடுப்பதைத் தவிர்க்கச் சொல்கின்றன. வாரம் மூன்று நாள் ஜிம் போகும் பெரும்பாலானோருக்கு நான் அந்தக் கட்சிதான். அரை லிட்டர் பாலில் சுமார் 16 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம், சமைக்காத மீல்மேக்கர் 50 கிராமில் 25 கிராமுக்குக் குறையாமல் புரதம் இருக்கிறது. பருப்பும் தயிரும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் 70 கிலோ எடையில் கடும் பயிற்சி செய்து, நாளுக்கு 110 கிராம் எட்ட வேண்டிய, விடுதிச் சாப்பாட்டை நம்பியிருக்கும் சைவரிடம் ‘வீட்டு உணவு போதும்’ என்று சொல்லி அனுப்பிவிட்டால், அவர் ஜிம் டிரெய்னர் விற்கும் டப்பாவை வாங்கிக்கொள்வார். அந்த டிரெய்னருக்குக் கமிஷன் உண்டு என்பதும் நமக்குத் தெரியும். பவுடரே கூடாது என்று மறுப்பதைவிட, எந்தப் பவுடர் என்று சோதித்துச் சொல்வதே அவருக்கு உதவும்.

போட்டிகளில் கலந்துகொள்பவர் என்றால் இதில் இளக்கமே கூடாது. உலக ஊக்கமருந்துத் தடை விதிகளில், உடலில் தடைப் பொருள் கிடைத்தால் ‘பவுடரில் கலந்திருந்தது எனக்குத் தெரியாது’ என்பது அவரை விடுவிக்காது. ஜெர்மனியின் கொலோன் ஊக்கமருந்துச் சோதனை ஆய்வகம் 2004இல் வெளியிட்ட முடிவில், 13 நாடுகளில் வாங்கிய 634 துணை உணவுகளில் 94இல், லேபிளில் சொல்லாத ஆண்ட்ரோஜன் முன்பொருள்கள் இருந்தன. பேட்ச் வாரியாக மூன்றாம் தரப்பு சோதித்த முத்திரை இல்லாத டப்பாவை வீரருக்கு எழுதிக் கொடுப்பது அவருடைய விளையாட்டு வாழ்க்கையைப் பணயம் வைப்பதாகும்.

இந்தச் சோதனைச் செலவு விலையில் ஏறாதா? ஏறும். விலையைக் கிலோவுக்குப் பார்க்காமல், சரிபார்த்த புரதத்தின் ஒரு கிராமுக்குப் பார்த்தால் மலிவான டப்பா பல சமயம் மலிவாக இருப்பதில்லை. அறிக்கை கேட்டு எழுதினால் சில நிறுவனங்கள் அனுப்புகின்றன, சில மழுப்புகின்றன. நம் பட்டியலைச் சுருக்க அதுவே உதவும். பரிந்துரைத்த பவுடரின் பெயரோடு பேட்ச் எண்ணையும் வாங்கிய இடத்தையும் நோயாளி கோப்பில் எழுதி வைக்கும் வழக்கம் நம் மையங்களில் இன்னும் பரவவில்லை. மூன்று மாதம் கழித்து ஒருவரின் கல்லீரல் என்சைம் ஏறி நின்றால், மருத்துவர் அந்த டப்பாவைத் தேடிப் பிடிக்க இந்த ஒரு வரியே வழி.