திருகாணி மேல கை வைக்காதீங்க!

மக்களே, என்னோட பழைய ரேஸ் சைக்கிள்ல முன்னாடி மூணு பல்சக்கரம்: 52, 42, 30 பல். போன வாரம் ஒரு ஏத்தத்துல சின்னதுக்கு மாத்தினேன். செயின் உள்பக்கமா கழண்டு விழுந்துடுச்சு. பின்னாடி லாரி வேற! தப்பிச்சது யார் செஞ்ச புண்ணியமோ. "பழசைத் தூக்கிப் போடுடா"ன்னான் நண்பன்.

ரெண்டு ராத்திரி எல்லைத் திருகாணிகளையே திருகினேன். தேறலை. கோளாறு வேற இடத்துல! செயினைத் தள்ளுற முன் டிரெய்லியரோட கூண்டு, பெரிய சக்கரத்துக்கு 7 மி.மீ. மேல, கோணலா நின்னுச்சு.

என் கட்சி இதுதான்: முதல்ல உயரம் (1-3 மி.மீ. இடைவெளி), அடுத்து கூண்டு சக்கரத்துக்கு இணையா இருக்கணும். அப்புறம் உள் எல்லைத் திருகாணி, கேபிள், கடைசியா வெளி எல்லை. ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும். ஆபீஸ்ல பிழை தேடற அதே முறைதான் :-)

இப்போ செயின் விழறதில்லை. குத்தம் சைக்கிளோட வயசுல இல்லீங்க, மாட்டின கையில.