அனத்தோத்துக் காணியும் ஓயாத செபமும்

“பாதர், எத்தனை வருசமாய்ச் செபமாலை சொல்லுறம். கடவுளுக்கு எங்கட குரல் கேக்கேல்லையோ?”

இடம்பெயர்ந்த குடும்பங்களைச் சந்திக்கச் செல்லும்போதெல்லாம் நாம் எதிர்கொள்ளும் கேள்வி இது. 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களுள் ஒரு பகுதியினர், 2009இல் போர் முடிந்த பின்னும், இன்றுவரை தம் காணியில் கால்வைக்கவில்லை. அவர்களிடம் “இன்னும் செபியுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது எளிது. ஆனால் ஓயாத செபம் நம்மை என்ன செய்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் அது வெறும் வாய் ஆறுதலாகிவிடும்.

இக்கேள்வியோடு விவிலியத்தைத் திறக்கும்போது இறைவாக்கினர் எரேமியாவே நம் முன் நிற்கிறார். இறைவாக்கினர் என்றதும் வருங்காலத்தைக் கணித்துச் சொல்பவர் என்றே பலர் எண்ணுகின்றனர். சாத்திரம் சொல்பவர் வேறு, இறைவாக்கினர் வேறு. கடவுள் முன் நின்று கேட்டு, கேட்டதை மக்களுக்கு எடுத்துரைப்பவரே இறைவாக்கினர். கேட்க வேண்டுமானால் காத்து நிற்க வேண்டும். அவ்வாறு காத்து நிற்பதே செபம்.

எரேமியாவின் நாளில் யூதா மக்களுள் பலர் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டிருந்தனர். அனனியா என்பவர் கோவிலில் எழுந்து, இரண்டு ஆண்டுகளுக்குள் எல்லாரும் திரும்பி வருவர் என்று ஆண்டவர் பெயரால் அறிவித்தார். எரேமியாவுக்கும் அதுவே ஆசை. அப்படியே ஆகட்டும் என்றுதான் அவரும் சொன்னார். ஆனால் தம் ஆசையை ஆண்டவரின் வாக்காக்க அவர் துணியவில்லை. தம் கழுத்திலிருந்த நுகத்தை அனனியா முறித்தபோதும் மறுமொழி கூறாமல் தம் வழியே போனார். பின்னர் ஆண்டவரின் வாக்கு கிடைத்தபோதே திரும்பி வந்து அவரை மறுத்தார்.

எருசலேம் வீழ்ந்த பின்பும் இவ்வாறே நடந்தது. எஞ்சியிருந்தோர், எங்கே போவது என்று ஆண்டவரிடம் கேட்டுச் சொல்லும்படி அவரை வேண்டினர். அவர்கள் அஞ்சி நடுங்கிக்கொண்டிருந்த அவ்வேளையிலும் அவர் அவசரப்படவில்லை. பத்து நாள்களுக்குப் பின்னரே வாக்கு வந்தது. நாட்டிலேயே தங்குங்கள் என்ற அந்த வாக்கை அவர்கள் விரும்பவில்லை. ஆயினும் அவர் அதை மாற்றிச் சொல்லவில்லை.

இவ்விடத்தில் நாமும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முகாம்களில் பணியாற்றிய நாள்களில், அழுதவர்களின் முகத்தைப் பார்க்கமாட்டாமல், “வாற காலபோகத்துக்கு ஊரில விதைப்பியள்” என்று நாமும் சொன்னதுண்டு. அதை நம்பி, இருந்த இடத்தில் ஒரு கத்தரிக் கன்றுகூட நடாமல் காத்திருந்தவர்கள் உண்டு. அது ஆண்டவரின் வாக்கன்று, நமது ஆசை. நாம் போதிய அளவு செபித்திருந்தால் பேசுமுன் தயங்கியிருப்போம். எரேமியாவோ நாடுகடத்தப்பட்டோருக்கு எழுதிய கடிதத்தில், எழுபது ஆண்டுகள் செல்லும், ஆதலால் வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், நீங்கள் வாழும் நகருக்காகவும் மன்றாடுங்கள் என்றார். கசப்பான உண்மைதான், ஆனால் அது மக்களை வாழவைத்தது.

அப்படியானால் நம்பிக்கை எங்கே? அதற்கும் எரேமியாவிடம் விடை உண்டு. பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது. அவர் காவற்கூட முற்றத்தில் அடைபட்டிருந்தார். அப்போது ஒன்றுவிட்ட சகோதரர் அனமேல் வந்து, சொந்த ஊராகிய அனத்தோத்தில் உள்ள தம் காணியை வாங்கும்படி கேட்டார். ஆண்டவரின் கட்டளைப்படி எரேமியா 17 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகள் கையொப்பமிட்டனர். முத்திரையிட்ட உறுதியையும் திறந்த பிரதியையும், நெடுங்காலம் கெடாதிருக்க, பாரூக்கு மட்பாண்டத்தில் வைக்க வேண்டியிருந்தது. காணி உறுதியைச் சொப்பின் பையில் சுற்றி, ஓடிய இடமெல்லாம் நெஞ்சோடு அணைத்துச் சென்ற நம் தாய்மாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உறுதி எழுதிய பின் அவர் செபிக்கத் தொடங்கினார். பகைவர் மதில்வரை வந்துவிட்ட நேரத்தில் காணி வாங்கச் சொன்னீரே, இது என்ன என்று ஆண்டவரிடமே கேட்டார். ஐயத்தை மறைக்கவில்லை, கேள்வியோடு வேறெங்கும் போகவும் இல்லை. கடவுளோடு நெருக்கம் என்பது இதுவே. அந்நாட்டில் மீண்டும் காணிகள் வாங்கப்படும், உறுதிகள் எழுதப்படும் என்ற வாக்கு, அந்தக் கேள்விக்கு மறுமொழியாகவே வந்தது.

எரேமியா அக்காணியில் விதைத்ததாக விவிலியம் கூறவில்லை. அவர் எகிப்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஆனால் நாடுகடத்தலிலிருந்து திரும்பியோரின் பட்டியலில் அனத்தோத்து ஊரார் 128 பேர் என்று எஸ்ரா நூலும் நெகேமியா நூலும் குறித்து வைத்துள்ளன. மன்றாடியவர் ஒருவர், திரும்பியவர்கள் வேறு தலைமுறையினர்.

மனந்தளராமல் செபிக்க வேண்டும் என்பதற்கு இயேசு காட்டிய உவமையில், கைம்பெண் வீட்டில் முடங்கியிருக்கவில்லை. நீதி கேட்டு நடுவரிடம் திரும்பத் திரும்பச் சென்றாள். ஆகவே இன்று மாலை செபமாலை முடிந்ததும் உறுதியை எடுங்கள். வடக்கே யார் காணி, கிழக்கே எந்த ஒழுங்கை, கிணறு எங்கே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். நாளை பிரதேச செயலகத்துக்கு மீண்டும் ஒருமுறை போங்கள். இருக்கும் இடத்தில் நாலு பயிர் நடுங்கள். ஆண்டவரிடம் கேட்க வேண்டியதை ஒளிக்காமல் கேளுங்கள்.

நாள் குறித்து வாக்குக் கொடுக்க நாம் இனி முன்வர மாட்டோம். உங்களோடு சேர்ந்து காத்து நின்று மன்றாடுவதை விடவும் மாட்டோம்.