வசூலாகாத வரி, காக்காத மதில்

சென்னையில் வால்டாக்ஸ் (மதில் வரி) ரோடு என்று சொன்னால் போதும், மயிலாப்பூரிலிருந்து மாம்பலம் வரை எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். மைசூர் ஹைதர் அலிக்குப் பயந்து வெள்ளைக்காரன் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினான். செலவை ஜனங்கள் தலையில் வரியாகக் கட்டினான். மதில் ஊரைக் காப்பாற்றியது. பிறகு மதில் போய்ப் பெயர் மட்டும் மிஞ்சியது. ரோமானியர்கள் பிரிட்டனில் கட்டிய ஹேட்ரியன் சுவரோடு இதை ஒப்பிட்டுப் பெருமைப்படுகிறவர்களும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கதையில் எந்தத் துண்டைத் தட்டிப் பார்த்தாலும் உதிர்கிறது.

முதலில் வரி. மதில் செலவைக் கறுப்பர் பட்டணத்து (இன்றைய ஜார்ஜ் டவுன்) வீட்டுக்காரர்களிடம் வாங்கிவிட வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனி ஆசைப்பட்டது உண்மை. அது ஆசையோடு நின்றது, வரி வசூலாகவில்லை. பட்டணத்தார் இதற்கெல்லாம் அசைந்து கொடுக்கிறவர்கள் இல்லை. 1686-ல் பழைய பட்டணத்து மதிலுக்கென்று வீட்டு வரி போட்டபோதே கடைகளை அடைத்து எதிர்த்தவர்கள் அவர்கள். கம்பெனிக்குச் சட்டபலமும் போதாது. வீடுகள் மீது வரி விதிக்க ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் என்ற அதிகாரிகளுக்கு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் முறையாக அதிகாரம் கொடுத்ததே 1793-ல்தான். மதிலோ 1770களின் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது.

அப்படியானால் காசு யாருடையது? கம்பெனி கஜானாவுடையது. அந்தக் கஜானா எதனால் நிரம்பியது என்று பார்க்க வேண்டும். 1763-ல் ஆற்காட்டு நவாப் முகமது அலி, பட்டணத்தைச் சுற்றியிருந்த செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்திருந்தார். அங்கே உழுதவர்களின் நிலவரியும் அந்தக் கஜானாவுக்குத்தான் போனது. மதிலுக்கு உள்ளே இருந்த வியாபாரி தராமல் தப்பித்தார்; வெளியே இருந்த குடியானவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. பெயரில் நிற்பதோ உள்ளே இருந்தவர் தராத வரி.

அடுத்தது, ஹைதரிடமிருந்து மதில் காப்பாற்றியது என்பது. நாட்களை வரிசையாக வைத்தாலே இது விழுந்துவிடும். 1767-ல் மைசூர்க் குதிரைப்படை இந்தப் பக்கம் பாய்ந்து, கம்பெனி கனவான்களின் தோட்ட வீடுகளைச் சூறையாடிப் போனது. 1769 மார்ச் கடைசியில் ஹைதரே நேரில் வந்தார். காலாட்படையை அனுப்பிவிட்டு, சுமார் 6,000 குதிரைகளோடு 130 மைலை மூன்றரை நாளில் கடந்து பரங்கிமலையில் வந்து நின்றார். ஏப்ரலில் கம்பெனி அவர் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டது. அன்று மதில் முடிந்திருக்கவில்லை. கள்ளன் வந்து பேரம் பேசி வாங்கிப் போன பிறகு கதவுக்குத் தச்சனைத் தேடின கதைதான்.

1780-ல் அவர் மறுபடி வந்தபோது மதில் இருந்தது. ஆனால் அதற்கு வேலை வரவில்லை. செப்டம்பர் 10 அன்று பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்றோ பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுப் பரங்கிமலைக்கு ஓடிவந்தார். அங்கிருந்தும் பின்வாங்கி அவர் படை நிறுத்திய இடம் சைதாப்பேட்டைப் பக்கம், அடையாற்றை முன்னால் வைத்துக்கொண்டு. ஹைதர் ஆற்காட்டின் பக்கம் திரும்பினார். மதிலில் ஏணி சாத்த யாரும் வரவில்லை. அந்த வருஷம் பட்டணத்துக்கு ஏதாவது ஒன்று அரணாக நின்றது என்றால் அந்த ஆற்றைத்தான் சொல்ல வேண்டும்.

போரில் சீமை அழிய, பஞ்சம் வந்தது. அகதிகள் பட்டணத்தை நோக்கித் திரண்டார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782-ல் ஏற்பட்ட மணியக்காரர் சத்திரம் வடக்கு மதிலுக்கு வெளிப்பக்கம்தான் இருந்தது. அதன் தொடர்ச்சியாக வந்த ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னைக்காரர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பது அதனால்தான்.

மதில் யாருக்காக என்பதை அதன் வடிவமே காட்டிக்கொடுக்கிறது. வடக்கிலும் மேற்கிலும் மட்டும்தான் மதில். கிழக்கே கடல். தெற்கே, கம்பெனியின் புனித ஜார்ஜ் கோட்டையைப் பார்த்த பக்கம், வெட்டவெளி. காரணம் உண்டு. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி கறுப்பர் பட்டணத்தைச் சண்டையில்லாமல் பிடித்து, அந்த வீடுகளின் மறைவிலிருந்து இரண்டு மாதம் கோட்டையைச் சுட்டார். அந்த அடி கம்பெனிக்கு மறக்கவில்லை. இன்றைய உயர் நீதிமன்றம் இருக்கும் இடத்தில் இருந்த பழைய பட்டணம் இதே கவலையில்தான் இடிக்கப்பட்டது. சென்னக் கேசவப் பெருமாள் கோயிலும் அதோடு போனது. பிறகு மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முயற்சியில் பூக்கடைப் பக்கம் அதை மறுபடி எழுப்பினார்கள். இந்த எல்லைக்கு இப்பால், கோட்டைப் பக்கமாக, யாரும் வீடு கட்டக்கூடாது என்று 1773-ல் ஆறு தூண்கள் நட்டார்கள். ஒன்று இன்றும் பாரிமுனையில், டேர் ஹவுஸ் ஓரத்தில் நிற்கிறது. எதிரி உள்ளே நுழைந்தால் கோட்டைப் பீரங்கி தடையில்லாமல் பட்டணத்தைச் சுட வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. தன்னைச் சுடுவதற்கு வசதியாக ஒரு பக்கம் திறந்து வைத்த மதிலை ஜனங்களின் காவல் என்று எப்படிச் சொல்வது?

கைமேல் பலன் கண்டவர் மதிலைக் கட்டிய ஒப்பந்தக்காரர் பால் பென்ஃபீல்ட். ஒப்பந்தங்களிலும், நவாபுக்கு வட்டிக்கு விட்டதிலும் அவர் கொழுத்தார். தஞ்சாவூர் வருமானத்தின் மேல் அவர் கொண்டாடிய பாத்தியதையை ஏற்க மறுத்த கவர்னர் பிகாட்டை, 1776 ஆகஸ்டில் அவருடைய கவுன்சிலே கைது செய்து பரங்கிமலையில் காவலில் வைத்தது. மறுவருஷம் மே மாதம் பிகாட் காவலிலேயே செத்தார். 1785-ல் எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் பென்ஃபீல்டைக் கிழித்துத் தோரணம் கட்டினார். என்னைக் கேட்டால், சாலைக்குக் கடன்காரர் பெயரை வைத்திருந்தாலாவது பொருத்தமாக இருந்திருக்கும்.

ஊரைச் சுற்றிய மதில் என்பதும் தவறு. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, சாந்தோம் எதுவும் அதற்குள் இல்லை. நவாபின் சேப்பாக்கம் அரண்மனைகூட வெளியேதான். தி.நகரைப் பற்றிப் பேச்சே இல்லை. 1920களில் தூர்க்கும்வரை அது ஏரி. சாந்தோமுக்கு இந்த மதிலுக்கும் முன்னால் போர்த்துகீசியர் கட்டிய சொந்த மதில் இருந்தது. 1672-ல் பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஊரைப் பிடித்து, 1674-ல் கோல்கொண்டாவுக்கும் டச்சுக்காரருக்கும் பணிந்த பிறகு அந்த மதில் இடிக்கப்பட்டது. பின்னால் ஆங்கிலேயர் அங்கே வைத்த சிறு காவல்கோட்டையின் நினைவு லீத் காஸில் தெருவின் பெயரில் இருக்கிறது. தென்சென்னைக்காரர்கள் வால்டாக்ஸ் மதிலை "நம் மதில்" என்பது கொஞ்சம் வேடிக்கை.

ஹேட்ரியன் சுவர் உவமையும் சரிப்படாது. கி.பி. 122-ல் தொடங்கிய அந்தச் சுவர், 117 கிலோமீட்டர் போல, தீவின் இடுப்பில் கடலுக்குக் கடல் ஓடியது. கட்டியவர்கள் ஒப்பந்தக்காரர்கள் அல்ல, ரோமானியப் படையணிகள். ஒவ்வொரு ரோமானிய மைலுக்கும் காவலோடு ஒரு வாசல் வைத்து, போகிற வருகிறவர்களைக் கண்காணித்தார்கள். ஒற்றுமை என்று ஒன்றைச் சொல்லலாம்: அங்கேயும் கதை பிசகித்தான் இருக்கிறது. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் எல்லை அதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். நார்த்தம்பர்லாந்தின் பெரும்பகுதி சுவருக்கு வடக்கே, இங்கிலாந்துக்குள்தான் இருக்கிறது.

கடைசியாக, மதில் ஒன்றுமில்லாமல் போய்விட்டது என்பது. ராயபுரம் பழைய ஜெயில் ரோட்டுக்குப் போய்ப் பாருங்கள். மிஞ்சிய துண்டின் தலைமேல் மாநகராட்சி பூங்கா வைத்திருக்கிறது. மாடிப் பூங்கா என்பார்கள். ஒரு பூங்காவைத் தாங்குகிற அகலம் அந்தச் செங்கல் மதிலுக்கு. வாசல்களில் யானைக்கவுனி பெயராக இருக்கிறது. மேற்கு மதிலுக்கு வெளியே கிடந்த வெற்று நிலத்தில் கவர்னர் டிரெவிலியன் காலத்தில் பீப்பிள்ஸ் பார்க் வந்தது. அந்தப் பக்கத்திலேயே 1873-ல் சென்ட்ரல், 1900-ல் மூர் மார்க்கெட், 1913-ல் ரிப்பன் மாளிகை. சாலைக்கே இப்போது அரசுப் பெயர் வ.உ.சி. சாலை. ஆட்டோக்காரரிடம் அதைச் சொன்னால் "வால்டாக்ஸா சார்?" என்று திருப்பிக் கேட்பார்.