இரண்டு மருந்து

சிவகாசிப் பக்கம் ‘மருந்து’ என்றால் இரண்டு அர்த்தம். வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் கலந்து பட்டாசுக்குள் செலுத்துவது ஒன்று. வாயில் போட்டு விழுங்குவது இன்னொன்று.

முதல் மருந்துக்கு விதி இருக்கிறது. அறைக்கு எத்தனை கிலோ, எத்தனை பேர் என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். பட்டாசு ஆலையில் ஒன்று தப்பினால் என்ன ஆகும் என்பதை 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் பார்த்தோம். முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள்!

இரண்டாவது மருந்துக்கும் விதி உண்டு சார். 1945-ம் வருட மருந்து விதிகளில் இருக்கிறது. டாக்டர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய ‘ஹெச்’ பட்டியல் மருந்தை ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான் கொடுக்கலாம். மறுபடி கொடுக்க வேண்டுமானால், கொடுக்கலாம் என்று டாக்டரே சீட்டில் எழுதியிருக்க வேண்டும். கொடுத்த கடையின் பெயர், முகவரி, தேதியைச் சீட்டிலேயே குறிக்க வேண்டும். பதிவு பெற்ற பார்மசிஸ்ட்டின் மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும்.

உங்கள் வீட்டு பிரஷர் சீட்டை எடுத்துப் பாருங்கள். மூன்று வருஷமாக மடித்து மடித்துக் கிழிந்திருக்கும். அதில் ஒரு கடையின் முத்திரையாவது இருக்கிறதா?

சாயங்காலம் கம்பெனி வேன் வந்து நின்றதும் மருந்துக்கடையில் நடப்பது இதுதான்.

“தம்பி, சுகர் மாத்திரை பத்து குடு. அப்படியே உடம்பு வலிக்கு ஒரு செட்டு.”

“இந்தாங்கக்கா.”

முடிந்தது வைத்தியம்.

அந்த சுகர் மாத்திரை கிளிமிபிரைடாக இருந்தால், போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருக்கக் கூடாது. சர்க்கரை இறங்கி வேர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். விடியற்காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேன் ஏறுகிற அக்காவுக்கு இதைச் சொன்னது யார்? அந்தக் கை போய்த் தொடுவது முதல் மருந்தை! சளிக்கு விற்கிற மாத்திரைகள் சிலவற்றுக்குத் தூக்கம் சொக்கும். வலி மாத்திரையைத் தினமும் விழுங்கினால், சுகரும் பிரஷரும் உள்ளவர்களின் கிட்னிதான் முதலில் அடி வாங்கும். இது சத்தமில்லாமல் வெடிக்கிற வெடி.

“மெடிக்கல்ல கேட்டு மருந்து சாப்பிடாதீங்க” என்று டாக்டர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். பீஸ் ரேட்டில் கூலி வாங்குகிறவருக்கு ஆஸ்பத்திரி வரிசை என்றால் அன்றைய கூலி காலி. சும்மாவா 2021-ல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோக வேண்டி வந்தது? மருந்துக்கடையில் கேட்பது குற்றமில்லை. கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவர் அங்கே இல்லையே, அதுதான் குற்றம்!

எத்தனை கடையில் சர்டிபிகேட் சுவரில் தொங்குகிறது, அதற்குரிய ஆள் வேறு ஊரில் இருக்கிறார்? மருந்தை எப்படிச் சாப்பிடுவது, என்ன பக்க விளைவு வரும் என்று நோயாளியிடம் பேசுவது பார்மசிஸ்ட்டின் வேலை என்று இந்திய பார்மசி கவுன்சிலின் 2015-ம் வருட ஒழுங்குமுறையே சொல்கிறது. இங்கிலாந்தில் 2024 ஜனவரியிலிருந்து ஏழு சின்ன உபாதைகளுக்கு பார்மசிஸ்ட்டே பார்த்து மருந்து தருகிறார். இங்கே படித்துப் பட்டம் வாங்கியவரைச் சட்டம் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறோம்.

மிளகாய் மூட்டைக்கும் துவரம்பருப்புக்கும் பைசா விடாமல் கணக்கு எழுதிய மாவட்டம் இது. மனுஷன் விழுங்குகிற மாத்திரைக்கு ஒரு வரி எழுதக் கூடாதா?

டாக்டர்களே, ‘மூன்று மாதம், மாதம் ஒரு முறை’ என்று எழுத எத்தனை விநாடி ஆகும்? கடைக்கார அண்ணாச்சிகளே, சர்டிபிகேட்டுக்குக் கொடுக்கிற வாடகையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஆளையே உட்கார வையுங்கள். அதிகாரிகளே, சோதனைக்குப் போனால் ஆள் இருக்கிறாரா என்றும் பாருங்கள்.

வாசகர்களே, சீட்டு பழசாகிவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் புதுச் சீட்டு வாங்குங்கள். அடுத்த முறை கடைக்குப் போனால் மூன்று கேள்வி கேளுங்கள். இதைச் சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா? ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரையோடு ஒத்துப்போகுமா? இங்கே பார்மசிஸ்ட் யாருங்க?

மூன்றாவது கேள்விக்குக் கடைக்காரர் சுவரைக் கை காட்டினால், அடுத்த கடையைப் பாருங்கள்.