மலைத் தீவின் கணக்கு

தீவு என்றால் கடல் சூழ்ந்த நிலம் என்றே நாம் எண்ணுகிறோம். சமவெளியின் வெப்பம் நாற்புறமும் சூழ, குளிர்ந்த உச்சிகளில் மட்டும் பிழைத்திருக்கும் உயிர்களுக்குப் பழனி மலையும் ஒரு தீவேயாகும். பழனிச் சிரிப்பான் என்னும் பறவை, பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கேயுள்ள மலையுச்சிகளையன்றி உலகில் வேறெங்கும் வாழ்வதில்லை. கடல் தீவுக்குக் காவல் வேண்டுமென ஒப்புக்கொண்ட நாம் மலைத் தீவை மறந்திருப்பது நியாயமா?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் கடல் தேசியப் பூங்காவாயின. தூத்துக்குடி ஆராய்ச்சியாளர் பல வருஷங்களாக நீரில் மூழ்கிப் பவளப் பாறைகளை அளந்து வந்தனர். ஆகவேதான், 2016-ஆம் வருஷத்துக் கடல் வெப்பத்தால் உயிர்ப் பவளம் சுமார் 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகக் குறைந்த செய்தி நமக்குக் கிட்டியது. வான் தீவு கரைந்து வருவதும் அளவினால் விளங்கிற்று. சர்க்காரும் அதனருகே செயற்கைப் பாறைகளை இறக்கியது. நோய் இன்னதென்று தெரிந்தாலன்றோ மருந்து?

பழனி மலையின் கதை வேறு. 1973 முதல் 2014 வரையில் அம்மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்தது. வாட்டில், தைலமரம், பைன் முதலிய அயல் மரங்களும் விவசாயமும் அதை விழுங்கின. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆராய்ச்சியாளர் இதை வெளியிட்டது 2018-ல்! அயல் மரங்களை நடத் தொடங்கியவர் வெள்ளையர் என்பது மெய்யே. ஆனால் மேற்சொன்ன நாற்பது வருஷமும் சுயராஜ்ய காலமல்லவா? பழியை அன்னியர் தலையில் சுமத்திவிட்டு நாம் தப்ப முடியாது.

பவளம் நோயுற்றால் வெளுத்துக் காட்டிக்கொடுக்கும். மலையிலோ அழிவு பச்சை வேஷம் பூண்டு நிற்கிறது. கொடைக்கானலுக்கு உல்லாசமாகச் செல்பவர் பைன் தோப்பில் நின்று, 'என்ன செழிப்பு!' என்று வியக்கிறார். மழையைப் பிடித்துவைத்து, தெற்கே வைகைக்கும் வடக்கே அமராவதிக்கும் ஓடைகளை அனுப்பிய புல்வெளி அங்கே மடிந்ததை அவர் அறியார். அதன் விளைவை அறியப்போகிறவன் அடிவாரத்துக் குடியானவன்.

சர்க்கார் 2024-ல் வரையாடுகளை எண்ணி, தமிழ்நாட்டில் 1,031 உள்ளன என்று அறிவித்தது. இது பாராட்டத்தக்கது. ஆனால் ஆட்டை எண்ணினால் மட்டும் போதுமா? அது மேயும் புல்லையும், குடிக்கும் ஓடையையும், நெருக்கி வரும் அயல் மரத்தையும் குறித்த இடங்களில் வருஷந்தோறும் அளக்க வேண்டும். மலைக் கிராமத்தாரை அப்பணியில் சேர்க்க வேண்டும். கணக்கைத் தமிழில் அச்சிட்டு ஜனங்கள் முன் வைக்க வேண்டும்.

இது ஆகாத காரியமல்ல. கொடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தார் 1901 முதல் சூரியனை நோக்கி வருகின்றனர். 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சூரியனின் புள்ளிகளுக்குக் கணக்கு வைத்திருக்கும் மலையில், காலடியிலுள்ள புல்லுக்குக் கணக்கு வைக்க இயலாதென்று எவரும் சொல்ல வேண்டாம்.