செலோ டேப் ஒட்டிய சீட்டு



போன வாரம் மெடிக்கல் ஷாப்பில் எனக்கு முன்னால் நின்றவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். மடித்து மடித்தே கிழிந்துபோன மடிப்பில் செலோ டேப் ஒட்டியிருந்தது. "இதே மாத்திரை, ஒரு மாசத்துக்கு" என்றார். எட்டிப் பார்த்தேன், தப்புதான். சீட்டின் தேதி இரண்டு வருஷம் பழையது.

நம் வீடுகளில் சுகர் எப்போதும் 'பார்டர்'தான், பிரஷர் 'லேசா'தான், கொழுப்பும் 'கொஞ்சம்'தான். தனித்தனியாகப் பார்த்தால் பயமில்லை. எல்லாம் ஒரே உடம்பில் கூடினால்?

அதைத்தான் மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்கிறார்கள். வெறும் வயிற்றுச் சுகர் 100, பிரஷர் 130/85, டிரைகிளிசரைடு 150, இவையோ இவற்றுக்கு மேலோ. நல்ல கொழுப்பு ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் கீழே. இடுப்புச் சுற்றளவு நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல். ஐந்தில் மூன்று இருந்தாலே கணக்கில் வந்துவிடுவோம். பேன்ட் சைஸை நம்பாதீர்கள். தொப்பைக்குக் கீழே இறங்கிவிட்ட பெல்ட் உண்மை பேசாது!

உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமா? வேண்டாம். பெரும்பாலானவர்களுக்குத் தெருமுனை டாக்டரோ, ஆரம்ப சுகாதார நிலையமோ போதும்.

ஆனால், மூன்று வகை பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் அளவு இறங்கவில்லையா? மருந்தைக் கூட்டியும் மூன்று மாதச் சராசரி சுகர் அசையவில்லையா? யூரினில் புரதம் போகிறதா? அப்போது ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்த்தே ஆக வேண்டும். டிரைகிளிசரைடு 500ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு. 'பொங்கல் முடியட்டும்' என்று தள்ளிப்போடாதீர்கள். தூக்கத்தில் குறட்டை நின்று, மூச்சும் நின்று, திடுக்கென்று திரும்பி வருகிறதா? இது பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். அவர் சொன்னால் சண்டை போடாமல் கேளுங்கள். நெஞ்சு வலி என்றால் இந்த யோசனையெல்லாம் கிடையாது, நேரே 108தான்.

'வேறு டாக்டரிடம் போனால் நம்ம டாக்டர் வருத்தப்படுவாரோ?' நிறையப் பேரைத் தடுப்பது இந்தத் தயக்கம்தான். அவரிடமே கேளுங்களேன், "வேறு யாரையாவது பார்க்கணுமா டாக்டர்?" என்று. அவரே லெட்டர் எழுதிக் கொடுப்பார். போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள்.

அந்தச் சீட்டுக்காரரைக் குறை சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜ் மேலிருந்த என் சீட்டை எடுத்துப் பார்த்தேன். பதினான்கு மாதம்! வெள்ளிக்கிழமைக்கு டோக்கன் போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்